தருமத்திற்காக ஏலம்: ஒரு விலைப் பாடம்

ஏலம் என்பது யாது என்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்கப் புகுவது வீண் வேலை. ஏரியின் மீன்பாசியும், சாலையோரத்துப் புளியமரத்தின் மகசூலும், அம்மனுக்குச் சாத்திய புடவைகளும் ஏலத்தில் போவதை நசரத்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் காணாதவர் இலர். (அச்சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தது என்று அகராதி ஆசிரியர்கள் கூறுவர். மணக்கும் ஏலம் வேறு. போடிநாயக்கனூரில் அந்த ஏலத்தையும் இந்த ஏலத்தில்தான் விற்கிறார்கள்!)

ஆயினும் ஏலங்களுள் ஒரு தனி வகை உண்டு. அதில் விற்கப்படும் பொருள் ஒன்றே ஒன்று. ஒருவருக்கென்றோ ஒரு காரியத்திற்கென்றோ தனியே வரைந்து செய்யப்பட்டது. அல்லது புகழ் பெற்ற ஒருவரின் கைபட்டமையால் தனிச் சிறப்பு எய்தியது. விற்ற பணம் விற்றவர் பைக்குப் போவதில்லை. ஒரு தருமத்திற்குப் போகிறது. இத்தகைய ஏலம் ஒவ்வொன்று முடிந்ததும் மக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். ஒரு சாரார் வியந்து போற்றுகின்றனர். மறு சாரார் இது வெறும் படாடோபம் என்று வெறுத்து ஒதுக்குகின்றனர். நம் நெசவாளர் சங்கங்களிடமும் நல்ல காரியம் ஒன்றைச் சொல்லி, ஏலத்திற்காக விசேஷப் புடவையோ விரிப்போ நெய்து தர இயலுமா என்று கேட்டு வருவோர் உண்டு. அப்பொழுது நிர்வாகக் குழுவினர் என்ன விடை கூற வேண்டும்? அதற்கு முன்பு எந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்? இதுவே இம்மாதப் பாடம்.

முதலில் தொலைவில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2013-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் நியூயார்க் நகரில் சதபீஸ் என்னும் பெயர் பெற்ற ஏல நிறுவனத்தில் ஓர் ஏலம் நடந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்க்கும் உலக நிதிக்குப் பணம் திரட்டும் பொருட்டு, அயர்லாந்துப் பாடகர் போனோ தொடங்கியிருந்த 'ரெட்' என்னும் அமைப்பு அதை நடத்திற்று. ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பாளராக இருந்த ஜானி ஐவ் என்பாரும், மார்க் நியூசன் என்னும் மற்றொரு வடிவமைப்பாளரும் ஏலப் பொருள்களைத் தேர்ந்து கொடுத்தனர். சில பொருள்களைத் தாமே வரைந்தும் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று ஜெர்மானிய லைக்கா நிறுவனத்தின் காமிரா. கடையில் ஏறத்தாழ 7,000 டாலருக்குக் கிடைத்த அதே வகைக் காமிராவுக்கு அலுமினியத்தால் புதிய உடல் அமைத்து, மேற்பரப்பு முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு அறுகோணக் குழிகள் பொறித்திருந்தார்கள். அந்த ஒரு காமிராவைச் செய்து முடிப்பதற்கு 561 மாதிரிகள் செய்து பார்க்கப்பட்டனவாம். 5 லட்சம் முதல் ஏழரை லட்சம் டாலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்த அப்பொருள் 18 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. மற்றொன்று மேக் ப்ரோ என்னும் கணினி. கடையில் 2,999 டாலர் முதல் விற்பனைக்கு வரவிருந்த கருநிறக் கணினியையே செந்நிறத்தில் ஒன்றே ஒன்று செய்து வைத்திருந்தனர். 40,000 முதல் 60,000 டாலர் வரை என்பது மதிப்பீடு. விற்றதோ 9 லட்சத்து 77 ஆயிரம் டாலருக்கு! அன்றைய ஏலம் முழுவதிலும் சேர்ந்த தொகை சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர்.

இதைக் கேட்டோர் கூறிய கருத்துக்கள் பலவிதம். காமிராவின் அழகைப் புகழ்ந்தோர் உண்டு. அது சோப்புக் கட்டி போல் இருக்கிறது என்னும் பாங்கில் நகைத்தோரும் உண்டு. நிறத்தை மாற்றியதற்கு முந்நூறு மடங்கு விலையா என்று வியந்தனர் சிலர். நோயாளிக்கு மருந்து வாங்கப் பணம் கொடுக்க விரும்புகிறவர் நேரே கொடுக்க வேண்டியதுதானே, இடையில் செந்நிறப் பெட்டி எதற்கு என்று கேட்டனர் வேறு சிலர். இந்தக் கடைசிக் கேள்வி எளிதில் தள்ளத் தக்கதன்று. ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்தப் பெட்டி இல்லாதிருந்தால் அப்பணம் மருந்துக்கு வந்திருக்கும் என்பதற்கு உறுதி யாது? வந்திருக்கலாம், வாராமலும் இருந்திருக்கலாம். வேறொரு செல்வரின் மாளிகைக்குத் தூணாகவும் போயிருக்கலாம். ஏலத்தில் எடுத்தவர் தம் உள்ளத்தைத் திறந்து காட்டும் கடமை உடையவர் அல்லர். பணம் போய்ச் சேர்ந்ததா என்பதே நாம் கேட்கத் தக்க கேள்வி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நெசவாளர்களாகிய நமக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சூரத் நகரில் நடந்தது. அவ்வாண்டு ஜனவரி 25-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா புதுடில்லிக்கு வந்திருந்தபொழுது, பிரதமர் நரேந்திர மோடி கருநீல நிறக் கோட்டு ஒன்றை அணிந்திருந்தார். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது மெல்லிய பொற்கோடுகள் ஓடும் சாதாரணத் துணி. அணுகி நோக்கியபொழுது அக்கோடுகள் கோடுகளே அல்ல, அவருடைய முழுப் பெயர் சிற்றெழுத்தில் மீண்டும் மீண்டும் வந்த வரிசைகள் எனத் தெரிந்தது. அது வணிகர் ஒருவர் அளித்த பரிசு. படங்கள் வெளிவந்ததும் நாடெங்கும் பேச்சு எழுந்தது. இவ்வளவு விலையுயர்ந்த உடை தகுமா என்று எதிர்க்கட்சியினர் கண்டித்தனர். அதன் விலை 10 லட்சம் ரூபாய் என்றும் மேடைகளில் கூறப்பட்டது. பரிசாக வந்ததை அணிந்ததில் குற்றமென்ன என்று ஆதரவாளர் விடை கூறினர். அடுத்த மாதமே அவ்வுடை அவருக்கு வந்த நூற்றுக்கணக்கான பிற பரிசுகளுடன் சூரத்தில் ஏலத்துக்கு வந்தது. வருமானம் கங்கையைத் தூய்மை செய்யும் நிதிக்கு என்று அறிவிக்கப்பட்டது. அவர் குஜராத்தின் முதல்வராக இருந்த காலத்தும் தமக்கு வந்த பரிசுகளைப் பெண் கல்விக்காக ஏலம் விட்டு வந்தவர். ஆகவே இம்முறை புதியதன்று, பொருள்தான் புதியது.

ஆரம்ப விலை 11 லட்சம் ரூபாய். மூன்று நாள் நடந்த ஏலத்தில் கேள்வி ஏறி ஏறி முதல் நாளிலேயே ஒரு கோடியைக் கடந்தது. மூன்றாம் நாள் சூரத்து வைர வணிகர் ஒருவர் 4,31,31,311 ரூபாய்க்கு எடுத்தார். ஏலத்தில் விற்ற 'சூட்' வகை உடைகளுள் உலகிலேயே மிக அதிக விலை பெற்றது என்று கின்னஸ் நூலார் 2016-இல் அதனைப் பதிவு செய்தனர். அப்பொழுதும் மக்கள் கருத்து ஒன்றுபடவில்லை. பழி வந்த பொருளையே பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்தினார் என்று ஒரு சாரார் பாராட்டினர். பழியைத் துடைக்கவே ஏலம் என்றனர் மறு சாரார். அரசியலில் எப்பக்கம் நிற்பது என்பது இப்பத்திரிகையின் வேலையன்று. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவரவர் வாக்குச் சீட்டு இருக்கிறது. நம் கண்ணுக்குப் படுவது வேறொன்று. அந்த உடையை அணிந்தவர் பெயர் உலகறிந்தது. பரிசளித்தவர் பெயர் செய்தித்தாளில் வந்தது. தைத்த கடையின் பெயர் வந்தது. ஏலத்தில் எடுத்தவர் பெயர் வந்தது. அத்துணியை நெய்தவர் யார் என்று கேட்டவரை நான் காணவில்லை. துணியில் ஒரு பெயர் நெய்யப்பட்டதே அவ்வளவு பேச்சுக்கும் காரணம். ஆனால் நெய்த பெயரைப் பற்றிப் பேசினார்களேயன்றி நெய்தவர் பெயரைப் பற்றிப் பேசவில்லை.

இத்தகைய வேலையை நம் தறியில் செய்ய வேண்டுமானால் அடக்கம் எவ்வாறு அமையும் என்று எண்ணிப் பாருங்கள். ஜக்கார்டு கட்டிய தறியில் ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை வேண்டும். எழுத்து பாவின் திசையில் ஓடுவதாயின், பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அட்டைகளும் நீளும். அங்குலத்துக்கு 60 ஊடை என்றும், பெயர் 3 அங்குலம் என்றும் கொண்டால் 180 அட்டைகள். கட்டத்தாளில் வரைபவர் கூலி, அட்டை குத்துபவர் கூலி, கட்டி ஏற்றிச் சரிபார்க்கும் நாள்களில் தறி வாளாவிருக்கும் நஷ்டம் இவ்வளவும் துணி ஒரு கஜம் நெய்தாலும் ஆகும். நூறு கஜம் நெய்தாலும் ஆகும். நூறு புடவைக்குப் பங்கிடும்பொழுது இச்செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே புடவையின் தலையில் ஏற்றும்பொழுது அது நூல் விலையையே விழுங்கிவிடுகிறது. காமிராவுக்கு 561 மாதிரிகள் செய்தார்கள் என்றோமே, அதுவும் இந்தக் கணக்கே. தனிப்பொருளின் அடக்கம் எப்பொழுதும் மிகுதி. ஆனால் அடக்கம் மிகுதி என்பதனாலேயே அதற்கு விலை மிகுந்து கிடைத்துவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

தொடர்பில்லை என்பதற்கு எலுமிச்சம்பழத்தினும் சிறந்த சான்று வேண்டா. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரை அடுத்த முருகன் கோயில் ஒன்றில் பங்குனி உத்திர விழாவின்பொழுது வேலில் குத்தி வைக்கும் எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவது வழக்கம். 2024-ஆம் ஆண்டு ஒன்பது பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. ஹைதராபாத்தை அடுத்த பாலாப்பூரில் விநாயகர் கையில் வைத்த லட்டு 1994-இல் 450 ரூபாய்க்கு ஏலம் போனது. அதே ஊர் லட்டு 2024-இல் 30 லட்சத்து ஆயிரம் ரூபாய்க்குப் போயிற்று. அப்பணம் ஊரின் பொதுக் காரியங்களுக்குச் செலவாகிறது என்கின்றனர். எலுமிச்சை பயிரிடும் எந்த விவசாயியும் இச்செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் கோயம்பேட்டுக்கு ஒரு கூடை கொண்டு போய், பழம் ஒன்றுக்கு 26,000 ரூபாய் கேட்க மாட்டார். அது பழத்தின் விலையன்று என்பது அவருக்குத் தெரியும். நம்பிக்கைக்கும் ஊரார் முன்னிலையில் பெறும் கௌரவத்துக்கும் தருமத்துக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை அது. பழம் அதற்கு ஒரு சாக்கு.

பயிரிடுவோர்க்கு இவ்வளவு தெளிவாக விளங்கும் இச்செய்தி, புடவை என்று வரும்பொழுது நெசவாளர் சங்கங்களுக்குச் சற்று மங்கிவிடுகிறது! விசேஷப் புடவை ஒன்று தரும ஏலத்தில் லட்ச ரூபாய்க்குப் போய்விட்டால், அந்த மாதிரிக்குச் சந்தை இருக்கிறது என்ற மயக்கம் குழுவினருக்கு உண்டாகக்கூடும். அதே போல் பத்துப் புடவைகளுக்குப் பட்டும் ஜரிகையும் கடன் வாங்கிப் போட்டால், சரக்கு அலமாரியில் தங்கி, ஆண்டிறுதிச் சரக்கிருப்பில் வீங்கி நிற்கும். ஏலத்தில் வென்றவர் ஒருவர். அவருடன் கடைசிவரை போட்டியிட்டவர் மற்றொருவர். ஆக, அந்த விலையருகே நின்றவர் உலகில் இருவரே. அவர்களும் அன்றைக்கு, அந்தத் தருமத்துக்காக, அந்தக் கூட்டத்தின் முன் நின்றவர்கள். ஜப்பானில் யூபாரி என்னும் ஊரின் முலாம்பழங்களை ஆண்டுதோறும் முதல் ஏலத்தில் வியத்தகு விலைக்கு எடுப்பார்கள். 2019 மே மாதம் ஒரு ஜோடிப் பழம் 50 லட்சம் யென்னுக்குப் போயிற்று. அங்குள்ள உழவர்கள் அதை விளம்பரமாகக் கொள்கின்றனரே தவிர, அந்த விலையை வைத்துச் சாகுபடிக் கணக்குப் போடுவதில்லை.

சென்னையைச் சேர்ந்த வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் வாள் இன்னொரு பாடம் தருகிறது. ஒலிம்பிக் போட்டியில் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர். 2021-இல் டோக்கியோவில் முதல் சுற்றில் வென்று, இரண்டாம் சுற்றில் தோற்றார். பதக்கம் கிட்டவில்லை. தம் வாளைப் பிரதமருக்குப் பரிசாக அளித்தார். அது அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்த மின்வழி ஏலத்தில் கங்கை நிதிக்காக 1 கோடியே 25 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவின் ஈட்டி ஒன்றரைக் கோடி. வென்ற ஈட்டிக்கும் தோற்ற வாளுக்கும் இடையே வேற்றுமை 25 லட்சமே என்பது, ஏலம் கேட்டவர் வெற்றியை மட்டும் விலைபேசவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் நான் இங்குச் சுட்ட விரும்புவது வேறு. ஏலம் தொடங்கிய முதல் நாள்களில் இவ்விரு பொருள்களுக்கும் இறுதித் தொகையைப் பன்மடங்கு மிஞ்சிய கேள்விகள் வந்தனவாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆரவாரத்தில் கேட்கும் தொகை வேறு. காசோலையாக வந்து சேரும் தொகை வேறு. நம் ஊர்ப் புளியமர ஏலத்தில் முன்பணம் கட்டாதவரைக் கேள்வி கேட்க விடாமைக்குக் காரணம் இதுவே. தரும ஏலத்தில் முன்பணம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி இவ்விதியைத் தளர்த்துவோர் பின்பு வருந்துவர்.

காந்தியடிகள் இக்கலையில் கைதேர்ந்தவர் என்பதைப் பலர் அறியார். 1933-34-இல் அரிசன நிதிக்காக நாடு முழுதும், நம் தமிழ்நாட்டிலும், சுற்றுப் பயணம் செய்தபொழுது, தமக்கு வாசித்தளித்த உபசாரப் பத்திரங்களையும், பரிசாக வந்த பொருள்களையும், பெண்மணிகள் கழற்றிக் கொடுத்த நகைகளையும் அந்தந்த மேடையிலேயே ஏலம் விட்டுப் பணமாக்கினார். வாங்கியவர் கையில் பொருளும் நிதியில் பணமும் அங்கேயே அப்பொழுதே சேர்ந்துவிடும். அக்காலத்தும் இதனை வணிகப் புத்தி என்று எண்ணியவர் இருந்திருக்கலாம். அவர் அதற்கு நாணவில்லை.

ஆனால் அவர் மறைந்த பிறகு அவருடைய பொருள்களே ஏலத்துக்கு வந்தபொழுது நாடு கொதித்தது. 2009 மார்ச் 5-ஆம் நாள் நியூயார்க்கில் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, பைக்கடிகாரம், உணவுத்தட்டு, கிண்ணம் ஆகியவை ஏலம் போயின. விற்றவர் வருமானத்தை அகிம்சைக் காரியங்களுக்குத் தருவதாகக் கூறியிருந்தார். இந்திய அரசு ஏழைகளின் சுகாதாரத்துக்குச் செலவை உயர்த்துவதாயின் பொருள்களைத் திருப்பித் தருவதாகவும் பேசினார். தேசப்பிதாவின் செருப்பைக் கூவி விற்பதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. டில்லி உயர்நீதிமன்றம் வரை விவகாரம் சென்றது. விற்பவரே கடைசி நேரத்தில் ஏலத்தை நிறுத்த முயன்றும் இயலவில்லை. முடிவில் 18 லட்சம் டாலருக்கு அவற்றை எடுத்தவர் விஜய் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்நாள் முழுதும் பாடுபட்டவரின் பொருள்களை மது ஆலை அதிபர் எடுத்தது பற்றி எழுதப்பட்ட கேலிக்குக் கணக்கில்லை. இதிலிருந்து ஒன்று விளங்கும். ஏலம் கூவத் தொடங்கிய பின் பொருள் யார் கைக்குப் போகும் என்பதை விற்பவர் தீர்மானிக்க இயலாது. இன்னார் வாங்கலாகாது என்னும் எண்ணம் உள்ளவர் ஏலம் விடவே கூடாது. நேரே பேசி விற்க வேண்டும், அல்லது விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே காந்தியடிகள் ஒரு கருவிக்கு விலை வைத்த வரலாறு இதற்கு நேர்மாறானது. 1929-இல் அகில பாரத நூற்போர் சங்கம் சிறந்த இராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என அறிவித்தது. இன்றைய மதிப்பில் அது எவ்வளவு பெருந்தொகை! ஆனால் நிபந்தனைகளைக் கவனியுங்கள். இராட்டை இலேசாக இருத்தல் வேண்டும்; குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத் தக்கதாதல் வேண்டும்; பெண் ஒருத்தி மிகுந்த களைப்பின்றி நாளெல்லாம் நூற்க இயல வேண்டும்; விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது; 20 ஆண்டு உழைக்க வேண்டும். நியூயார்க்கில் அறிவும் உழைப்பும் சேர்ந்து, ஒருவருக்கு மட்டும் கிட்டும் ஒரு பொருளைச் செய்தன. இங்கே ஒரு லட்சம் ரூபாய், எவருக்கும் கிட்டக்கூடிய ஒரு பொருளைத் தேடிற்று. அப்பரிசு எவருக்கும் கொடுக்கப்படவில்லை. நிபந்தனைகள் அவ்வளவு கடினம். பின்பு நம் தமிழ்நாட்டவராகிய ஏகாம்பரநாதன் என்பார் பல கதிர்கள் உள்ள இராட்டையை உருவாக்கினார். அவர் பெயரைக் கொண்டே அது அம்பர் சர்க்கா எனப்பட்டது. 1956-இல் மத்திய அரசு அதற்கெனத் தனிக் குழு அமைத்து ஆராய்ந்தது. எரவாடா சிறையில் காந்தியடிகள் பயன்படுத்திய கையடக்க இராட்டை மட்டும், செந்நிறக் கணினி ஏலம் போன அதே 2013 நவம்பரில், இங்கிலாந்தில் 1 லட்சத்து 10 ஆயிரம் பவுனுக்கு ஏலம் போயிற்று. ஏழைக்கென்று செய்த கருவி செல்வர் பேழைக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த ஏலம் தருமத்துக்காகவும் நடந்ததன்று.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் செம்பரம்பாக்கத்துக்கு அருகில் வாழும் நாம் மறந்திருக்க மாட்டோம். அது போன்றதோர் இடர் வந்து, நிவாரணத்துக்காக ஒரு சங்கம் பட்டுப் புடவை ஒன்றை நெய்து ஏலம் விடுவதாகக் கற்பனை செய்வோம். பட்டும் ஜரிகையும் 14,000 ரூபாய்; வரைபடமும் அட்டையும் 6,000; நெசவுக் கூலி 9,000; சில்லறைச் செலவு 1,000; ஆக அடக்கம் 30,000 ரூபாய். கடையில் விற்றால் அப்புடவைக்கு 35,000 ரூபாய் கிடைக்கும் என்று கொள்வோம். ஏலத்தில் 1,10,000 ரூபாய் வந்தது. நிவாரண நிதிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள்? வாங்கியவர் 1,10,000 கொடுத்தார் என்று மேடையில் சொல்வார்கள். உண்மையில் அவர் 35,000 ரூபாய் பெறுமான புடவையைப் பெற்றுக்கொண்டார். அவர் கொடை 75,000. எஞ்சிய 35,000 சங்கத்தின் கொடை. அதில் 30,000 கைப்பணம். 5,000 விட்டுக் கொடுத்த லாபம். இது வாங்கியவரைச் சிறுமைப்படுத்தும் கணக்கன்று. 75,000 ரூபாய் பெருங்கொடையே. ஆனால் சங்கத்தின் 35,000 கணக்கில் எங்கே நிற்கிறது என்பதை எழுதி வைக்காவிடில் தணிக்கையில் அது நஷ்டமாகத் தோன்றும்.

இப்பொழுது நெசவாளரின் கூலியை நோக்குங்கள். நல்ல காரியமாயிற்றே, பாதிக் கூலிக்கு நெய்துவிடுங்கள் என்று குழுவினர் கேட்பது எளிது. தலைவர் நேரில் வந்து கேட்டால், மறுத்துப் பேசும் துணிவு எத்தனை நெசவாளருக்கு இருக்கும்? அவர் குறைத்துக்கொண்ட 4,500 ரூபாய் நிவாரண நிதிக்குப் போய்விட்டது. ஆனால் எந்த ரசீதிலும் அவர் பெயர் இல்லை. மேடையில் சால்வை வாங்கியவர் வேறொருவர். அந்த வாரத்து அரிசிக்கு அவர் என் செய்தார் என்று கேட்பார் இல்லை. இதனை நான் தருமம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலியை முழுதும் கொடுத்துவிடுக. பிறகு அந்நெசவாளர் தம் விருப்பத்தால் 100 ரூபாய் கொடுத்தால், அதற்கு அவர் பெயரில் தனி ரசீது எழுதுக. அந்த 100 ரூபாய் 75,000 ரூபாயினும் எடை மிகுந்தது என்பது என் எண்ணம். பதிவேட்டில் மட்டும் அது 100 ரூபாயாகவே நிற்கட்டும்.

புடவையின் அடக்கத்தைச் சங்கம் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது? வியாபாரக் கணக்கில் எழுதி மறைப்பது தவறு. சங்கத்தின் துணைவிதிகளில் பொது நல நிதிக்கு இடம் இருந்து, அதில் பணமும் இருந்தால், பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி, விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். லாபமே காணாத சங்கம் தருமம் செய்யப் புகுவது கடன் வாங்கிக் கொடை கொடுப்பதாகும். அத்தகைய சங்கத்துக்கு வேறு வழி உண்டு. ஏலம் நடத்துவோரே அடக்க விலையை முன்னதாகச் செலுத்திப் புடவையை வாங்கிக்கொள்ளட்டும். அப்பொழுது சங்கம் செய்வது விற்பனை; அவர்கள் செய்வது தருமம். இரண்டும் கலவா. இவ்வழியில் சங்கத்துக்குக் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

ஏலத்தைச் சங்கமே நடத்துவதாயின் இன்னும் சில எச்சரிக்கைகள் வேண்டும். ஆரம்ப விலை அடக்கத்தினும் குறையலாகாது. குழு உறுப்பினரும் ஊழியரும் அவர்தம் வீட்டாரும் கேள்வி கேட்கலாகாது. அவர்கள் கேட்டு எடுத்துவிட்டால் மலிவாக எடுத்தார்கள் என்று ஒரு பேச்சும், கேட்டு நிறுத்திவிட்டால் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று மற்றொரு பேச்சும் எழும். இரண்டுக்கும் விடை கூற இயலாது. பணம் முழுதும் வந்த பின்னரே பொருளைக் கொடுத்தல் வேண்டும். தருமத்துக்கு அனுப்பிய தொகைக்குப் பெற்ற ரசீதின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். மக்கள் எந்த ஏலத்தையும் பற்றிக் கூறும் கடுஞ்சொற்களுள் பெரும்பாலானவை, பணம் எங்கே போயிற்று என்னும் ஒரே ஐயத்திலிருந்து பிறப்பவை. ஊர் ஏலங்களில் கௌரவத்துக்காகத் தகுதிக்கு மீறிக் கேட்டுவிட்டு, வட்டிக்கு வாங்கிக் கட்டுவோரும் உண்டு. அங்கத்தினர் ஒருவர் அவ்வாறு கேட்கப் புகுந்தால், தருமத்துக்கு வரவு என்று மகிழாமல், அவரைத் தனியே அழைத்து அமர்த்துவது தலைவரின் கடமை.

இன்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அட்டைகளை என் செய்வது? ஏல அறிவிப்பில் ஒன்றே ஒன்று என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லும் விற்கப்பட்டதே. செந்நிறக் கணினிக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி, அது போல் இன்னொன்று செய்ய மாட்டோம் என்னும் வாக்குக்குக் கொடுத்தது. அடுத்த தீபாவளிக்கு அதே புடவையை வேறு நிறத்தில் நெய்து கடைக்கு அனுப்பினால், ஏலத்தில் எடுத்தவர் ஏமாற்றப்பட்டவர் ஆவார். ஆதலின் அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன்பே இதைக் குழு தீர்மானிக்க வேண்டும். மாதிரியை மீண்டும் நெய்யும் எண்ணம் இருந்தால், முதற்புடவை என்று மட்டும் எழுதுக. விலை சற்றுக் குறையும். 180 அட்டையும் அட்டைச் செலவும் சங்கத்துக்குப் பயன்படும். ஒன்றே ஒன்று என்று எழுதினால், அட்டைக் கட்டையும் வரைபடத்தையும் புடவையோடு சேர்த்து வாங்கியவரிடமே ஒப்படைத்து, ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் பெற்று, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்துவிடுக. புடவையின் முந்தானை ஓரத்தில் நெய்தவர் பெயரை இரண்டு எழுத்தளவில் நெய்து வைப்பதற்கு எந்தத் துணைவிதியும் தடையில்லை.